பொம்மை ஊரில் ஒரு வாளி வண்டி

பெண் பார்க்கும் சடங்கைப் பொம்மை ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன மனுஷனை வேலம்மா பார்க்காமலே வெறுத்துவிட்டாள். பார்த்த பிறகாவது அந்த வெறுப்பு குறைந்ததா என்றால், அதுதான் இல்லை.

ரங்கூனிலிருந்து கிளம்பி, தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பாலத்தைத் தாண்டி, தொழிற்சாலைகளையெல்லாம் கடந்து, பஸ் இறக்கிவிட்ட இடத்தில் முதலில் எதிர்கொண்டது நாற்றம். பொம்மை ஊர்ப் பூங்காவின் வாசலுக்கு ஒரு பக்கம் கக்கூஸ், மறுபக்கம் பாய் விரித்துக் காயப்போட்ட கருவாடு. எந்த மகராசன் யோசித்து இந்த இடத்தில் வாசல் வைத்தானோ! முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில் குன்யா எச்சில் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது. வெற்றிலையை மென்று துப்புவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறார்களோ என்னவோ. வேலம்மா பட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பசுந்தாங் சந்தையில் தினமும் மீன் செதில்மேல் நடக்கிறவள்தான் அவள். ஆனால் சந்தைக்குப் பட்டுக் கட்டிக்கொண்டா போகிறோம்?

“பரவாயில்ல வேலு, உள்ள போனா நல்லாத்தான் இருக்கும்” என்றார் அவள் புருஷன் தனசேகரன். அலோன் துறைமுகக் கிடங்கில் முப்பது வருஷமாகச் சரக்கு மூட்டை எண்ணுகிறவர். எதற்கும் பரவாயில்லை என்பார். கூரை பிய்ந்து தலையில் விழுந்தாலும் பரவாயில்லை என்பார்.

மகள் சாந்தகுமாரி அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். முப்பத்தோரு வயது. ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. அங்கே தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்ய வந்தவன்தான் கணேஷ்குமார். எட்டு மாசமாகப் போனில் பேசி, இருவரும் முடிவு பண்ணியாகிவிட்டது. பிறகுதான் ஊருக்காகக் காளியம்மாவைத் தரகுக்குப் பிடித்தார்கள். “அப்பா சரின்னு சொல்லாம நான் ஒண்ணும் செய்யமாட்டேன்” என்று அந்தப் பிள்ளை முன்னாடியே சொல்லிவிட்டானாம். அதைக் கேட்டதிலிருந்தே வேலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா, இன்னிக்கு ஒரு நாள் வாயை அடக்கிக்கோம்மா. எனக்காக” என்றாள் சாந்தா. முகத்தில் பூசியிருந்த தனாக்காப் பட்டைக் குழம்பு வியர்வையில் கரைந்து காது வரை வழிந்திருந்தது. பாவம், பயத்தில் பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது. வேலம்மா தலையை ஆட்டினாள்.

அவள் வாயை அடக்க வேறொரு காரணமும் இருந்தது. பிள்ளையின் அப்பா நல்லையா, காளியம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: “படிப்பு, நகை, எதுவும் கேக்கல. தோட்டி லைன் ஆளுங்க மட்டும் வேணாம்.” காளியம்மாவும் கொஞ்சமும் கூசாமல், “ஐயையோ, அவங்களா? பொண்ணோட பூட்டன் முனிசிபல் ஆபீஸ்ல உத்தியோகம் பார்த்தவருல்ல!” என்று அளந்துவிட்டு வந்துவிட்டாள். முனிசிபல் என்பது நிஜம். ஆபீஸ்தான் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் விடிவதற்கு முன்னால், வீடுகளுக்குப் பின்னால் உள்ள சந்து சந்தாகப் போய்க் கக்கூஸ் வாளிகளை எடுத்து மாட்டு வண்டியில் கொட்டியவர், அந்த வேலைக்காரர்களுக்கென்று கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தவர் வேலம்மாவின் தாத்தா. இந்த விஷயம் தனசேகரனுக்குத் தெரியும். சாந்தாவுக்குத் தெரியாது. வேலம்மா சொல்லவில்லை. காளியம்மாவின் பொய்யையும் மறுக்கவில்லை.

நல்லையா டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதுக்கு நம்ப முடியாத கறுப்பில் தலைமயிர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கன்னத்துக்குள் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெற்றிலை. அவர் மனைவி சத்யபாமா முழங்கால் வலிக்காரி. உட்கார இடம் தேடுவதைத் தவிர அந்தம்மாளுக்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. உப்பு போட்ட இலந்தைப்பழம் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, வேலம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்ததோடு சரி.

“வாங்க தங்கச்சி, வாங்க மச்சான்! வீட்டுக்கு வந்து பலகாரம் தின்னு பொண்ணு பாக்குறதெல்லாம் அந்தக் காலம். கோயில்ல வச்சுப் பாத்தா ஊரு முழுக்கத் தெரிஞ்சு போகும். இங்க பாருங்க, பொம்ம ஊரு, பொம்ம ரயிலு, குடும்பத்தோட ஜாலியா இருக்கலாம்!” என்றார். பேசும்போது வெற்றிலைச் சாறு பொட்டுப் பொட்டாகப் பறந்தது. ஒரு பொட்டு வேலம்மாவின் ரவிக்கைக் கையில் வந்து உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். துடைத்தால் மரியாதை இல்லை. துடைக்காவிட்டால் கறை போகாது.

யுத்தத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்கார ரயில்வே இஞ்சினியர் பொழுது போகாமல் பங்களாத் தோட்டத்தில் கட்டிய ஊராம் அது. முழங்கால் உயரத்தில் பழைய ரங்கூன் முழுவதும் இருந்தது. துறைமுகம், கோர்ட்டுக் கச்சேரி, சந்தை, கூலி லைன்கள், ஊரைச் சுற்றி ஆட்கள் ஏறிப்போகிற குட்டி ரயில். எண்பது வருஷம் புதர் மூடிக் கிடந்ததை இப்போது ஒரு கம்பெனி எடுத்து வண்ணம் அடித்துத் திறந்திருந்தது. வண்ணம் அடித்தவனுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது. துரைமார் பொம்மைகளுக்கெல்லாம் கண் ஒன்று நெற்றியிலும் ஒன்று காதோரத்திலும் இருந்தது. பொம்மைத் துறைமுகத்தின் பாசித் தண்ணீரில் பிளாஸ்டிக் கோப்பைகள் மிதந்தன. கச்சேரிப் படிக்கட்டில் ஒரு நாய் காலைத் தூக்கிக் கடமையை முடித்துவிட்டு, யாரையும் சட்டை செய்யாமல் நடந்து போனது. எல்லாவற்றையும் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள் ஜனங்கள். கர்மம், கர்மம் என்று வேலம்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஸ்டேஷன் பொம்மைக்கு முன்னால் நல்லையா நின்றார். பச்சைக் கொடி பிடித்த பொம்மை ஒன்றைக் காட்டி, “இந்தா நிக்கிறாரு பாருங்க எங்க தாத்தா! ரயில்வேல கார்டு. அவரு கொடி காட்டாம மாண்டலே மெயில் நகராது” என்றார். வந்ததிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். சத்யபாமா பொம்மைச் சந்தையின் சுவரில் உட்காரப் போய்க் காவல்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அப்படியா! பெரிய குடும்பம்” என்றார் தனசேகரன்.

சந்தையைத் தாண்டி, வீடுகளின் பின்புறச் சந்து வந்தது. வேலம்மா அதை எதிர்பார்க்கவில்லை. அந்த வெள்ளைக்காரன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சந்துக்குள் ஒரு மாட்டு வண்டி. வண்டிமேல் பீப்பாய். பக்கத்தில் விரற்கடை உயர வாளியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள். கம்பெனிக்காரன் அந்தப் பொம்மைக்குத் தார் மாதிரி கறுப்பை அப்பி, உதட்டுக்கு ரத்தச் சிவப்பு பூசிவிட்டிருந்தான். கீழே பலகையில் பர்மியத்தில் எழுதியிருந்ததைச் சாந்தாதான் வாய்விட்டுப் படித்தாள்: “மதராஸ் துப்புரவுக் கூலி.”

“ஐயே!” என்று நல்லையா மூக்கைப் பிடித்துக்கொண்டார். “பொம்மையே நாறுது பாருங்க! தள்ளி நில்லும்மா, புதுப் புடவையில ஒட்டிக்கும்.”

தனசேகரன் சிரித்தார். கணேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். வேலம்மாவின் வாயிலிருந்தும் “ஹி” என்று ஒரு சிரிப்பு தானாக வெளியே வந்தது. அந்தச் சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. தன் வாயைத் தானே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

சிரிப்பு தந்த உற்சாகத்தில் நல்லையா தடுப்புக் கயிற்றுக்கு மேலே எட்டிக் குனிந்தார். கன்னத்தில் இருந்ததையெல்லாம் திரட்டிப் பொளிச்சென்று துப்பினார். அது பொம்மையின் தலையில் விழுந்து, முகத்தில் வழிந்து, வாளியை நிறைத்தது.

“அப்பா!” என்றான் கணேஷ்குமார்.

“என்னடா? கழிவ அள்ளுறதுக்குத்தானே வண்டி வச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டு நல்லையா வாயைத் துடைத்துக்கொண்டார்.

 அதற்கு மேல் கணேஷ்குமார் எங்கே சொல்லப் போகிறான்! சாந்தா அம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். வேலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். 

மதியச் சாப்பாடு ரயில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில். டான்பௌ பிரியாணியைக் கோழித் தொடையோடு தட்டில் வைத்தார்கள். மேசையில் முன்னே சாப்பிட்டவர்களின் எலும்பு அப்படியே கிடந்தது. ஈ மொய்த்தது.

வெளியிடத்தில் கையால் சாப்பிடுவதென்றால் வேலம்மாவுக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. அவள் தாத்தா வேலை முடிந்து வந்து சாம்பலால் மூன்று தடவை கை கழுவி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பாராம். வாடை போயிருந்தால்தான் சோற்றில் கை வைப்பாராம். கட்டைவிரலைக் கடைசியில் மோப்பாராம், வாளியின் விளிம்பு அங்கேதான் பதியும் என்பதால். அவள் அப்பா வாளியைத் தொட்டதே இல்லை, கடையில் கணக்கு எழுதினவர். ஆனாலும் சாகிற வரை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். லைனில் பிறந்தவர்கள் வீடுகளில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வேலம்மாவுக்கும் இருந்தது. “ஏம்மா கைய மோந்து பாக்குற?” என்று ஆறு வயதில் கேட்டதற்குச் சாந்தா கன்னத்தில் அறை வாங்கினாள். அதன் பிறகு கேட்டதில்லை.

கைப்பையில் எப்போதும் ஒரு துண்டுச் சோப்பை டப்பியில் போட்டு வைத்திருப்பாள் வேலம்மா. இன்று அதை வெளியே எடுக்கவில்லை. கை தன் பாட்டுக்கு மூக்குக்குப் போய்விட்டால்? கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நல்லையா குழாயடிக்குப் போனார். அவர் நின்ற இடம் வேலம்மாவுக்கு நேர் எதிரே இருந்தது. கொட்டகைக்காரன் வைத்திருந்த சோப்பை எடுத்தார். ஒரு தடவை கழுவினார். திரும்பவும் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்து மூன்றாவது தடவையும் கழுவினார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மீசையைத் தடவுகிற பாவனையில் விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல். கட்டைவிரல் கடைசி.

வேலம்மாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. சத்தம் கேட்டு நல்லையா நிமிர்ந்தார். இருவர் கண்களும் சந்தித்தன. அவர் கை அப்படியே மூக்கருகில் நின்றது.

அதற்குப் பிறகு அந்த மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கோழித் தொடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு ஓரமாக ஒதுக்கினார். ஒரு தடவைகூடத் தாத்தா கொடி காட்டவில்லை.

மற்றவர்கள் ரயிலுக்கு வரிசையில் நின்றபோது அவர் வேலம்மாவின் பக்கம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, எந்த லைன்?” என்றார்.

“பசுந்தாங். கோடி லைன்” என்றாள் வேலம்மா. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

“நாங்க அலோன்.” ஒரு பெருமூச்சு விட்டார். “பையனுக்குத் தெரியாது. நமக்குள்ளயே இருக்கட்டும் தங்கச்சி. யாருக்கு என்ன நஷ்டம்? தை மாசத்துல பரிசம் போட்டுடலாம். எனக்குப் பூரண சம்மதம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்க வேலம்மாவுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு வேறொன்று. அவர் சம்மதம் என்றதும் அவள் நெஞ்சு குளிர்ந்துபோனது. கல்யாணம் நடந்துவிடும், மகள் சந்தோஷமாக இருப்பாள், யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பாடா என்று இருந்தது. தாத்தா தலையில் துப்பியவனிடம் அப்பாடா! சீ, நானும் ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் “சரிண்ணே” என்றாள்.

ரயில் வந்தது. பிள்ளைகள் உட்காரவென்று செய்த பெட்டியில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். முன்னால் சாந்தாவும் கணேஷ்குமாரும், நடுவில் நல்லையாவும் சத்யபாமாவும், பின்னால் வேலம்மாவும் தனசேகரனும். இஞ்சின் டீசல் புகையைக் கக்கியது. அந்த ரயில் போன வேகத்துக்கு இறங்கி நடந்தால் முன்னால் போய்ச் சேரலாம்.

நல்லையா முன்னால் எட்டி, மகன் தோளைத் தட்டினார். “டேய், தங்கமான குடும்பம்டா. எனக்குப் புடிச்சிருக்கு.” சாந்தா அப்படியே திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேலம்மா இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்போதுதான் ரயில் பின்புறச் சந்தின் ஓரமாக வளைந்தது. வண்டி, பீப்பாய், பொம்மை. எச்சில் வெயிலில் காய்ந்து பொம்மையின் முகத்தில் ஓடாக ஒட்டியிருந்தது. அதன்மேல் ஈ.

நல்லையாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அலோன் லைன் என்று சொன்ன அதே வாய். “பாருடா, தோட்டி இன்னும் குளிக்கல!” என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

வேலம்மா எழுந்தாள்.

“வேலு, வண்டி ஓடுது!” என்றார் தனசேகரன்.

“ஓடட்டும்” என்று அவள் இறங்கினாள். புடவையை வாரிச் சொருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டிப் பொம்மைச் சந்துக்குள் மண்டியிட்டாள். கைக்குட்டையை எடுத்துப் பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்தாள். இஞ்சின்காரன் ஊதலை ஊதி ரயிலை நிறுத்தினான். காவல்காரன் பர்மியத்தில் கத்தினான். ரயிலில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

“அம்மா! என்னம்மா பண்ற?” சாந்தா ஓடி வந்தாள். பின்னாலேயே கணேஷ்குமாரும் வந்தான்.

“சின்ன வயசுல கேட்டியே, ஏன் கைய மோந்து பாக்குறேன்னு. கேட்டதுக்கு அறைஞ்சேன். என்னை மன்னிச்சிடு” என்றாள் வேலம்மா. கை பொம்மையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது. “உன் பூட்டன் ஆபீஸ்ல வேலை பாக்கல. இந்த வேலைதான் பாத்தாரு. பசுந்தாங் கோடி லைன்ல இருந்து தினமும் விடியக்காலம் வாளி எடுக்கப் போவாரு. மோந்து பாத்துட்டுத்தான் சாப்பிடுவாரு. அது எனக்கும் ஒட்டிக்கிச்சு.”

 பெட்டியில் இருந்த நல்லையாவின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. இவள் அடுத்த வார்த்தை என்ன சொல்வாளோ என்று நினைத்தாரோ என்னவோ, முந்திக்கொண்டார்.

“பாத்தியாடா!” என்று கத்தினார். “தோட்டி லைன்! காளியம்மா நம்மள ஏமாத்திட்டா! எந்திரி சத்யா, போலாம். இந்தச் சம்பந்தமே வேணாம். நம்ம குடும்பம் எங்க, இவங்க எங்க!”

வேலம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாம்தான். ஆனால் அலோன் என்று அவர் காதோடு சொன்னதை எடுத்து எல்லார் முன்னாலும் வீசுவதும் துப்புகிற வேலைதானே என்று தோன்றியது. சாந்தாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. நல்லையா மகனைக் கைதட்டிக் கூப்பிட்டார். கணேஷ்குமார் நகரவில்லை. 

சத்யபாமா எழுந்திருக்கவில்லை. கிடைத்த இடத்தை விட்டு அந்தம்மாள் எழுந்திருப்பதாவது! இலந்தைக் கொட்டையைக் கையில் துப்பிக்கொண்டு, கழுத்தை நீட்டி வண்டியை உற்றுப் பார்த்தாள்.

“என்னாங்க, அந்த வண்டியில மணியக் காணோமே?” என்றாள். “உங்க தாத்தா வண்டியில மணி கட்டியிருக்கும்னு சொல்லுவீங்களே, தெருக்காரங்க முன்னாடியே மூக்கப் பொத்திக்கட்டும்னு.”

 இஞ்சின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கணேஷ்குமார் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் பொம்மையைப் பார்த்தான். “அப்பா, கொடி காட்டினவரு?” என்று கேட்டான். நல்லையா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கணேஷ்குமார் கயிற்றைத் தாண்டி வந்து, வேலம்மாவின் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிப் பிடித்துக்கொண்டு சாந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நான் ஊத்துறேன் அத்தை” என்றான். அவன் தானாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

கைக்குட்டை செக்கச் சிவப்பாகியிருந்தது. எச்சில் நாற்றம் அதிலிருந்து எழும்பியது. பொம்மையின் முகம் பாதிதான் துலங்கியிருந்தது. அவள் கைக்குட்டையைப் பிழிந்து, எழுந்துபோய், பெட்டிக்குள் நீட்டினாள்.

“இந்தாங்க சம்பந்தி. நீங்க துப்பினது. மிச்சத்த நீங்க தொடைங்க.”

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டுத் தனசேகரனே திடுக்கிட்டுப் போனார். இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. நல்லையா கைக்குட்டையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மனைவி அடுத்த இலந்தைப்பழத்தைப் பையில் தேடிக்கொண்டிருந்தாள். ரயில் முழுக்கக் கண்கள். மெள்ள இறங்கினார். கஞ்சி போட்ட சட்டையோடு பாசிபிடித்த சந்தில் மண்டியிட்டார். மகன் தண்ணீர் ஊற்றினான். அவர் துடைத்தார். வாளியைத் துடைத்தார், தலையைத் துடைத்தார், கம்பெனிக்காரன் பூசிய தார்க் கறுப்பும் சேர்ந்து உரிந்து, அடியில் பழைய மண் நிறம் தெரிகிற வரை துடைத்தார். அவர் மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரா, ஜலதோஷமா என்று வேலம்மா பார்க்க விரும்பவில்லை. 

துடைத்து முடித்ததும், சுற்றி இருந்தவர்களையெல்லாம் மறந்து, நல்லையாவின் கை தானாக மூக்குக்குப் போனது. சுண்டுவிரலில் தொடங்கினார்.

வேலம்மா கைப்பையைத் திறந்து டப்பியிலிருந்த சோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“மூணு தடவை கழுவுங்க” என்றாள்.